தூய்மை விலைக்குக் கிடைக்குமா?

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மனித வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உடைக்கு மூன்று கடமைகள் உண்டென்று மக்கள் நெடுங்காலமாகக் கருதி வந்தனர். மானத்தைக் காப்பது ஒன்று; வெயிலையும் குளிரையும் தடுப்பது மற்றொன்று; உழைக்கும் உடலுக்கு இடையூறு செய்யாதிருப்பது மூன்றாவது. இக்காலத்து ஆடை வியாபாரிகளோ இம்மூன்றும் போதா என்று நான்காவது கடமை ஒன்றையும் அதன்மேல் ஏற்றியிருக்கிறார்கள். ஆடையானது கிருமிகளையும் கொல்ல வேண்டுமாம்! கடைத்தெருவிற் சென்று ஒரு காலுறையையோ, உள்ளாடையையோ, விளையாட்டுச் சட்டையையோ கையில் எடுத்துப் பாருங்கள். உடலோடு இழைந்து நீளும் என்றும், நாள் முழுதும் நாற்றம் அணுகாது என்றும், நூற்றுக்கு 99.9 பங்கு கிருமிகளை ஒழிக்கும் என்றும் அதன் அட்டையிற் கண்ணைப் பறிக்கும் எழுத்துக்களில் அச்சிடப்பட்டிருக்கும். விலையும் அதற்குத் தக்கபடி உயர்ந்திருக்கும்.

இவ்வாடையைச் செய்யும் இரசாயன வித்தையை இகழ்வது நமது நோக்கமன்று. அதன் நன்மையை உள்ளவாறே ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் அவ்வட்டையின் வாசகங்களுக்குப் பின்னால் இரண்டு கேள்விகள் மறைந்து நிற்கின்றன. தூய்மை என்பது நாம் நாள்தோறும் செய்யவேண்டிய ஒரு செயலா, அன்றிக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளும் ஒரு பண்டமா என்பது முதற் கேள்வி. ஒருவருடைய சுகத்திற்காகக் கொடுக்கப்படும் விலை அவருடைய பையிலிருந்து மட்டும் போகின்றதா, அன்றிக் கண்காணாத பிறருடைய உடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் போகின்றதா என்பது இரண்டாவது. இவை துணிக்கடைக் கேள்விகள்போலத் தோன்றினும் உண்மையில் அறத்தைப் பற்றிய கேள்விகளேயாகும்.

நீளும் ஆடை நமக்கு அந்நியமான பொருளன்று. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாஸ்டெக்ஸ் என்னும் நூல் விற்பனைக்கு வந்தது. கித்தாப் பாலிலிருந்து இழுத்த மெல்லிய இழையை நடுவில் வைத்து, அதன்மேற் பருத்தியையோ பட்டையோ சுற்றிச் செய்யப்பட்டது அந்நூல். நீச்சலுடையும் உள்ளாடையும் உடலோடு பொருந்தி நிற்கத் தொடங்கியதில் அதற்குப் பெரும்பங்குண்டு. அக்காலத்தில் உலகத்துக் கித்தாவில் மிகப் பெரும் பகுதி மலாயாவிலிருந்தும் அதனை அடுத்த டச்சுத் தீவுகளிலிருந்துமே சென்றது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து மரத்தை வெட்டிப் பாலைச் சேர்த்தவர்களிற் பெருந்தொகையினர் நம்மவர். மேனாட்டுச் சீமாட்டியின் இடையில் இழைந்த ஆடை நீண்டு சுருங்கிற்று. அதற்குப் பால் வடித்தவருடைய கந்தற் சட்டையோ கறைபட்டு விறைத்திருந்தது. ஒருவருடைய சௌகரியத்தின் மறுமுனையில் மற்றொருவர் நிற்கிறார் என்னும் உண்மையை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை.

கித்தா இழை வியர்வையாலும் எண்ணெயாலும் நாளடைவிற் கெட்டுவிடும். அக்குறையைப் போக்க, 1958ஆம் ஆண்டில் ஜோசப் ஷிவர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் டூபான்ட் நிறுவனத்தில் ஒரு செயற்கை இழையைக் கண்டார். ஸ்பான்டெக்ஸ் என்றும் எலாஸ்தேன் என்றும் வழங்கும் அவ்விழையே லைக்ரா என்னும் வியாபாரப் பெயரால் உலகெங்கும் பரவிற்று. அது பாலியூரிதேன் என்னும் பொருளால் ஆனது. அதன் நெடுஞ்சங்கிலியில் சுருண்டு கிடக்கும் மென்மையான பகுதிகளும், அவற்றை இறுகப் பிடித்து நிற்கும் கடினமான பகுதிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. இழுக்கும்போது மென்பகுதிகள் நீளுகின்றன. கடினப் பகுதிகள் சங்கிலிகளை நழுவவிடாது பிடித்து நிற்க, விட்டவுடன் மென்பகுதிகள் தாமே சுருண்டு பழைய நிலைக்கு மீளுகின்றன. தன் நீளத்தைப்போல ஐந்து மடங்கிற்கு மேலும் அது நீளவல்லது. ஒரு சட்டையில் நூற்றுக்கு ஐந்து பங்கு கலந்தாலே போதும். முழங்கை மடக்குவதும் தோளைத் தூக்குவதும் எளிதாகின்றன. குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்கும், நடக்க இயலாத முதியவருக்கு உடை மாற்றிவிடும் தாதிக்கும் இது மெய்யான உதவியே. இதனை நாம் பாராட்டுகிறோம்.

ஆயினும் ஒரு சௌகரியம் வரும்போது அதன் பின்னே ஓர் அசௌகரியமும் வருகின்றது. நீளும் ஆடை பெரும்பாலும் பாலியெஸ்டர், நைலான் முதலிய செயற்கை நூல்களோடு சேர்த்துப் பின்னப்படுகின்றது. உடலை ஒட்டியும் நிற்கின்றது. பருத்தி நீரை உறிஞ்சிக்கொள்ளும். பாலியெஸ்டரோ நீரை ஏற்பதில்லை. உடலின் எண்ணெய்ப் பசையையே பற்றிக்கொள்ளும். பெல்ஜிய நாட்டுக் கெண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 26 பேருக்குச் சட்டை அணிவித்துக் கடும் உடற்பயிற்சி செய்வித்துப் பார்த்து, பருத்திச் சட்டையைவிடப் பாலியெஸ்டர் சட்டையே அதிகமாக நாறிற்று என்று 2014இல் வெளியிட்டனர். சில நுண்கிருமிகள் அச்செயற்கை இழையில் செழித்து வளர்ந்ததையும் அவர்கள் கண்டனர். இன்னுமொரு சங்கடமும் உண்டு. குளோரின் கலந்த வெளுப்பு மருந்து ஸ்பான்டெக்ஸை அரித்துவிடும். கொதிக்கும் நீரும் அதற்கு ஆகாது. ஆகவே பழைய வேட்டியையும் துண்டையும் வெள்ளாவியில் வைத்து வெளுத்ததுபோல இதனை வெளுக்க முடியாது. நாற்றத்தை எளிதிற் பற்றிக்கொள்ளும் ஆடை. ஆனால் கடுமையாக வெளுக்கவொண்ணாத ஆடை! இந்த இடைவெளியில்தான் கிருமிகொல்லி மருந்துக்கு இடம் ஏற்பட்டது.

அம்மருந்து எவ்வாறு ஏற்றப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளல் நலம். பின்னி முடிந்து சாயமும் ஏறிய துணியை மருந்து கரைத்த தொட்டியில் முக்குவர். இரண்டு உருளைகளின் இடையே செலுத்தி அளவாகப் பிழிவர். பின்னர் ஸ்டென்டர் என்னும் நீண்ட வெப்ப யந்திரத்தில் இரு கரைகளையும் பிடித்து விரித்து, நூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டில் உலர்த்திப் பதப்படுத்துவர். தொட்டால் வழுவழுப்பாக இருப்பதற்குச் சிலிகோன் மெருகும், வியர்வையைப் பரப்பி உலரச் செய்வதற்கு மற்றொரு மெருகும் இவ்வாறே ஏற்றப்படுகின்றன. கிருமிகொல்லிகளில் இருவகை உண்டு. வெள்ளியும் டிரைக்ளோசானும் துணியிலிருந்து சிறிது சிறிதாகக் கசிந்து கிருமியைத் தாக்குவன. சிலேனுடன் இணைந்த குவாட்டர்னரி அம்மோனியம் உப்புக்களோ நூலோடு பிணைந்து அங்கேயே நின்று, தம்மைத் தொடும் கிருமியின் தோலைக் கிழிப்பன. முதல்வகை கசியக் கசியத் தீர்ந்துபோகும். இரண்டாம் வகை தீராவிடினும், அழுக்கும் சவர்க்காரப் படிவும் இறந்த கிருமிகளின் உடலும் மேலே மூடியபின் வலியிழந்துவிடும். என்றென்றும் நிலைத்து நிற்கும் காவலாளி இவற்றுள் ஒன்றுமில்லை.

இனி, அட்டையில் உள்ள 99.9 என்னும் எண்ணை ஆராய்வோம். அது பொய்யென்று நாம் கூறவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு துணித்துண்டின்மீது எண்ணி அளந்த கிருமிகளை ஈரத்தோடு விட்டு, உடற்சூட்டை ஒத்த 37 பாகையில் ஏறத்தாழ ஒருநாள் வைத்திருந்து, பின்னர் எஞ்சியவற்றை எண்ணிக் கணக்கிடுகிறார்கள். பத்து இலட்சம் கிருமிகளை விட்டால் ஆயிரம் எஞ்சும் என்பதே அவ்வெண்ணின் பொருள். அங்கே துணி புதியது. கிருமியும் குறிப்பிட்ட ஓரிரு இனத்தது. வெயிலில் வியர்த்து, மழையில் நனைந்து, முப்பது முறை துவைத்த சட்டைக்கு அவ்வெண் பொருந்தும் என்பதற்கு அச்சோதனை சாட்சியாகாது. மேலும், அது துணியின்மீதுள்ள கிருமியைப் பற்றிய எண்ணே தவிர, உடுத்தியவருடைய உடல்நலத்தைப் பற்றிய எண்ணன்று.

இவ்வேறுபாட்டைச் சட்டம் அறிந்திருக்கிறது. அமெரிக்க நாட்டுச் சட்டப்படி, இத்தகைய மருந்தேற்றிய பண்டத்தைத் தனிப்பதிவின்றி விற்பவர், அம்மருந்து அப்பண்டத்தைக் காக்கிறது என்று மட்டுமே கூறலாம். உடுத்தியவரை நோயினின்று காக்கிறது என்று கூறலாகாது. ஐரோப்பிய ஒன்றியமும் 2012இல் இயற்றிய விதியால், இவ்வாறு விளம்பரம் செய்யும் பண்டத்தில் இன்ன மருந்து சேர்ந்துள்ளது என்று அட்டையிலேயே பெயர் குறிப்பிடக் கட்டளையிட்டது. ஆகவே எழுத்தளவில் வியாபாரி குற்றமற்றவராகத் தப்பிவிடலாம். ஆயின் அட்டையை வாங்குபவர் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பதில்லை. தம் குழந்தைக்கு நோய் வாராது என்னும் எண்ணத்தோடு ஒரு தாய் கூடுதற் பணம் கொடுக்கிறார் என்பதை விற்பவர் அறிவார். அறிந்தும் அவ்வெண்ணத்தைத் திருத்தாமல் பணத்தைப் பெற்றுக்கொள்ளுகிறார். சொல்லிய சொல் மெய்யாயிருந்து, கேட்பவர் மனத்தில் அது பொய்யாய் விளையுமானால், அதனை வாய்மை என்று எங்ஙனம் அழைப்பது? பிறர் நம்பி ஏமாறுவதற்கென்றே அளந்து சொல்லப்படும் மெய், பொய்யின் மறுபெயரேயாகும்.

அடுத்து, கசிந்துபோகும் மருந்து எங்கே போகின்றது என்று கேட்போம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இருவர் வெள்ளித் துகள் ஏற்றிய காலுறைகளைக் கடையில் வாங்கி நீரில் அலசிப் பார்த்தனர். சில காலுறைகள் தம்மிடமிருந்த வெள்ளியை ஏறக்குறைய முழுவதும் நான்கே முறை அலசியதில் இழந்துவிட்டன. வேறு சில அவ்வளவாக இழக்கவில்லை. ஒரே பெயரில் விற்கும் பண்டங்களுக்குள்ளே இத்தனை வேற்றுமை! வாங்குபவர் எதனை எதனினின்று பிரித்தறிவது? இழந்த வெள்ளியோ மாயமாய் மறைந்துவிடவில்லை. சாக்கடை வழியே சென்றது. ஆற்றிலும் மண்ணிலும் வாழ்ந்து அழுக்கை உரமாக மாற்றும் நற்கிருமிகளும் கிருமிகளே. வெள்ளிக்கு நல்லது தீயது தெரியாது.

டிரைக்ளோசானின் வரலாறு இதனினும் அறிவூட்டுவது. அது எல்லாக் கிருமிகளையும் ஒருங்கே தாக்கும் பொதுவிஷம் என்றே பல்லாண்டுகளாக எண்ணப்பட்டது. 1998இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனை ஆராய்ந்து, அது கிருமியின் உடலில் கொழுப்பை உண்டாக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தைக் குறிவைக்கிறது என்றும், அவ்விடம் சிறிது மாறினாற் கிருமி அதற்கு அஞ்சாமல் வாழக் கற்றுக்கொள்ளும் என்றும் காட்டினர். 2016 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உள்ளிட்ட 19 மருந்துகளைச் சேர்த்த வீட்டுச் சவர்க்காரங்களை விற்கலாகாதெனத் தீர்மானித்தது. சாதாரணச் சவர்க்காரமும் நீரும் செய்யும் வேலையைவிட இவை மிகுதியாகச் செய்கின்றன என்பதைத் தயாரிப்பாளர் மெய்ப்பிக்கவில்லை என்பதே அதன் முக்கிய காரணம். எத்தனை ஆண்டுகள், எத்தனை கோடி மக்கள், எதற்காகப் பணம் கொடுத்தனர் என்று நினைத்துப் பாருங்கள்.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுவது இன்று உலகத்தை எதிர்நோக்கும் பேராபத்துக்களில் ஒன்று. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் அத்தகைய கிருமிகளாலேயே நேராக மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர். இப்பழியைக் காலுறையின் தலையிற் சுமத்துவது அநியாயம். நாம் அவ்வாறு செய்யவில்லை. மருத்துவத்திலும் கால்நடை வளர்ப்பிலும் மருந்துகளை வரம்பின்றி வழங்கியதே அதற்குப் பெருங்காரணம். ஆனால் ஒரு பாடம் இங்கும் செல்லும். 1968 முதல் வெள்ளி சேர்ந்த களிம்பு தீப்புண் பட்டவர்களுக்கு மருந்தாக உதவி வந்திருக்கிறது. தோல் எரிந்தவரைக் காக்கும் ஒரு பொருளை, காலுறையின் நாற்றத்தை இரண்டு நாள் தள்ளிப்போடுவதற்காகச் சாக்கடையில் விடுவது அறிவுடைமையா? பொதுக் கிணற்று நீரை ஒருவர் தம் முற்றத்துப் புழுதி அடங்கத் தெளித்தால் ஊரார் கண்டிப்பர். மருந்தின் வலிமையும் ஊர்ப் பொதுக் கிணறு போன்றதே.

இனித் துணியை முக்குகிறவரை நோக்குவோம். தமிழகத்துத் திருப்பூர், பனியன் பின்னி உலகிற்கு உடுத்தும் ஊர். அங்கே நம் இனத்தார் இலட்சக்கணக்கில் உழைத்துப் பிழைக்கின்றனர். அவ்வூரின் ஊக்கத்தை நாம் போற்றுகிறோம். ஆயின் வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து காவிரியிற் கலக்கும் நொய்யலாறு அவ்வூரைக் கடந்து செல்லுகையில் என்னவாயிற்று? சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவால் அது நிறம் மாறி உப்பேறிற்று. ஏறத்தாழ 20,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருவதற்கென்று 1992 அளவிற் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையிற் சாயக்கழிவே தேங்கிற்று. நீர் வேண்டிக் காத்திருந்த உழவர், அந்நீரைத் திறந்துவிடாதீர்கள் என்று வேண்டும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூடக் கட்டளையிட்டது. அதன்பின் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளிவிடாது சுத்திகரிக்கும் முறை அங்கே பெருஞ்செலவில் நிலைநாட்டப்பட்டது. நொய்யலைக் கெடுத்தது பெரும்பாலும் சாயமும் உப்புமே, கிருமிகொல்லி மருந்தன்று. எனினும் துணிக்கு மெருகேற்றும் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வடிகால் உண்டு என்பதும், அவ்வடிகாலின் முடிவில் ஒருவருடைய வயல் உண்டு என்பதும் அதனால் நன்கு விளங்கும். ஸ்பான்டெக்ஸ் இழையை நூற்கப் பல ஆலைகளிற் பயன்படும் டைமெத்தில் பார்மமைடு என்னும் கரைப்பான், காப்பின்றிச் சுவாசித்தாலும் தோலிற் பட்டாலும் ஈரலைக் கெடுப்பது. நமது உடலுக்கு இதமாகும் துணி, அதனை ஆக்குபவருடைய ஈரலைக் கேட்குமானால், அந்த இதத்தை நாம் இன்பம் என்று சொல்லலாமா? அதனால்தான் கரைப்பானை அடைத்து மீட்கும் யந்திரமும், காற்றோட்டமும், கையுறையும் தொழிலாளருக்கு முதலாளி இடும் பிச்சையல்ல, நம் ஆடையின் நியாயமான விலையில் ஒரு பகுதி என்கிறோம்.

இவை பொருளைப் பற்றியவை. மனத்தைப் பற்றியது ஒன்றும் உண்டு. சீர்திருத்தத்தை விரும்பும் நாம் அதனையே முக்கியமாகக் கருதுகிறோம். நமது சமூகத்தில் நெடுங்காலமாகச் சில மனிதரைத் தொட்டால் தீட்டு என்றனர். சிலருடைய நிழல் பட்டாலும் தீட்டு என்றனர். பிறப்பில் அழுக்கு இல்லை, அழுக்கென்பது நீராலும் சவர்க்காரத்தாலும் நீங்குவதே என்று பகுத்தறிவு வந்து அப்புரட்டை உடைத்தது. கிருமிகளைப் பற்றிய சாஸ்திரமும் அதற்குத் துணைநின்றது. என்னையெனில், கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் இன்று அதே சாஸ்திரத்தின் பெயரைச் சொல்லியே வேறொரு தீட்டு வளர்க்கப்படுகின்றது. உழைக்கும் உடலின் வாடையே அந்தத் தீட்டு. பேருந்தில் தமது பக்கத்தில் அமர்ந்தவரின் சட்டையில் வியர்வை வாடை வீசினால், மூக்கைச் சுளித்து விலகுவோர் பலர். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்தவருடைய உடையிற் கித்தாப் பால் வாடை வீசியதென்று ஏளனம் செய்த காலமும் ஒன்று இருந்தது.

உண்மை யாதெனில், புதிதாகச் சுரக்கும் வியர்வைக்கு நாற்றமே கிடையாது. தோலின்மீது இயல்பாக வாழும் நுண்கிருமிகள் அவ்வியர்வையிலுள்ள சத்துக்களைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கின்றது. அக்கிருமிகளிற் பெரும்பாலானவை நமக்கு ஊறு செய்யாதவை; சில நமக்குக் காவலாகவும் நிற்பவை. அரசனானாலும் அடிமையானாலும் தோலில் அவை இல்லாத மனிதன் இல்லை. குளிப்பதற்கு நீரும் மாற்றுவதற்கு உடையும் உள்ளவரிடம் வாடை தங்குவதில்லை, இல்லாதவரிடம் தங்குகின்றது. ஆகவே நாற்றம் என்பது பெரும்பாலும் ஒருவருடைய குணத்தைக் காட்டுவதன்று. அவருக்கு நீரும் நேரமும் கிடைத்தனவா என்பதையே காட்டுவது. இதனை அறியாது மனிதரை வெறுப்பது பழைய தீட்டின் புதிய வேடமே. அவ்வெறுப்பைத் தூண்டி, அதற்கு மருந்து இதோவென்று சட்டையை நீட்டுபவர், நோயையும் மருந்தையும் ஒருசேர விற்பவராகிறார்.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். “என் பணம், என் சட்டை, இதில் பிறருக்கென்ன?” என்பது ஒன்று. நீர் அலசிய நீர் உம்முடைய வீட்டுக்குள் நிற்குமாயின் அவ்வாறு சொல்லலாம். அது தெருவைத் தாண்டி ஆற்றுக்குச் சென்றபின் அதனைப் பற்றிப் பேசும் உரிமை ஆற்றுக்குக் கீழே வாழ்பவருக்கும் உண்டு. “விஞ்ஞானத்தை வெறுக்கிறீர்களோ?” என்பது மற்றொன்று. இல்லை. 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிள்ளை பெற்ற தாய்மார் காய்ச்சலால் மாள்வதைக் கண்டு, சவச்சோதனை செய்த கையைக் குளோரின் நீரிற் கழுவிய பின்பே தாய்மாரைத் தொடவேண்டுமென்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் நூற்றுக்கு இரண்டளவிற்குக் குறைந்தது. அவரும் இரசாயனத்தையே கையாண்டார். ஆனால் இன்ன இடத்தில், இன்ன பயன் கருதி என்று அளந்து கையாண்டார். பயனை எண்ணிக் காட்டினார். மருத்துவமனைக் கட்டுத்துணிக்கும், படுக்கைப் புண்ணுற்ற நோயாளியின் விரிப்புக்கும், ஆறாத புண்ணுடைய நீரிழிவுக்காரருக்கும் மருத்துவர் ஆராய்ந்து தக்கதெனக் கூறுவாராயின் மருந்தேற்றிய துணியை நாம் வரவேற்கிறோம். தேவையுள்ள இடத்தில் அளந்து பயன்படுத்துவதே விஞ்ஞானம். தேவையற்ற இடத்தில் அச்சத்தைக் காட்டி அள்ளி இறைப்பது வெறும் வியாபாரம்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இதனை நமக்கு நன்கு உணர்த்திற்று. அக்காலத்தில் கிருமி கொல்லும் ஆடைகளுக்கும் முகக்கவசங்களுக்கும் விளம்பரம் பெருகிற்று. பாக்டீரியாவைத் தடுக்கும் என்று அட்டை கூறினால் அதனால் வைரசும் சாகும் என்று பலர் எண்ணினர். இரண்டும் வெவ்வேறு என்பதை எடுத்துச் சொன்னவர் சிலரே. சிங்கப்பூரில் அவ்வாண்டு தொற்றுற்றவர்களிற் பெரும்பாலோர் விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர். அவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த நம் சகோதரர்களும் பலர். அவர்களை நோய் பிடித்தது சட்டையில் மருந்து இல்லாமையாலன்று. ஓர் அறையில் பலர் நெருங்கிப் படுத்தமையாலும், குளியலறையையும் கழிப்பறையையும் பலர் பகிர்ந்துகொண்டமையாலுமே. இதனை உணர்ந்தே அந்நாட்டு அரசு 2021இல், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேற்படலாகாது, 6 பேருக்கு ஒரு கழிப்பறையேனும் வேண்டும் என்று விதித்தது. தோட்டத்து லயங்களில் பல குடும்பங்களுக்கு ஒரு குழாய் என்றிருந்த நாட்களை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களையே அழுக்கர் என்று பழித்தனர். நீரைக் கொடுக்காமல் தூய்மையைக் கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆகவே தூய்மை விலைக்குக் கிடைக்குமா என்னும் கேள்விக்கு நமது விடை இது. தூய்மைக்கு வேண்டிய சாதனங்கள் விலைக்குக் கிடைக்கும், தூய்மை கிடையாது. அது நாள்தோறும் செய்யும் செயல். உடுத்ததை மாற்றுவதும், துவைப்பதும், காற்றிலும் வெயிலிலும் நன்றாக உலர்த்துவதுமே அது. எந்த மருந்தும் அச்செயலுக்கு ஈடாகாது. அதனைச் செய்வதற்கு வேண்டிய நீரும், இடமும், ஓய்வும், மாற்றுடையும் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதே சமூகத்தின் கடமை. சிலருக்கு மருந்துச் சட்டையும் பலருக்கு நீரில்லாக் குழாயும் உள்ள ஊரைச் சுகாதாரமுள்ள ஊர் என்று கூறவியலாது.

அன்பர்கள் கடைக்குச் செல்லுங்கால் சில கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இதில் ஏற்றிய மருந்து யாது? எத்தனை முறை துவைத்த பின்னும் அது நிற்கும்? அது துணியைக் காக்கிறதா, என்னைக் காக்கிறதா? விடை கூற இயலாதவரிடம் கூடுதற் பணம் கொடுக்கவேண்டுவதில்லை. உடற்பயிற்சிக்கும் ஓட்டத்திற்கும் நீளும் ஆடை வேண்டுமாயின் தாராளமாக வாங்குங்கள். வியர்த்த ஆடையைப் பைக்குள் அடைத்து வைக்காமல் அன்றே அலசிவிடுங்கள். அன்றாட உடைக்குப் பருத்தி மிகுந்த துணியே இவ்வெப்ப நாட்டுக்குப் போதும். தொழிலாளரை வைத்து வேலை வாங்குவோர் அவர்கள் மாற்றி உடுத்த இரண்டாவது சட்டையையும், வேலை முடிந்தபின் குளிக்க நீரையும் வசதியையும் கொடுக்கட்டும். சங்கங்கள் வைத்திருப்போர் இதனைக் கேட்டுப் பெறட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் இருப்பவனின் வாடையைக் கண்டு நகைக்காமல், அவன் வீட்டிற் குழாய் ஓடுகிறதா என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். அக்கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையே நாளைக்கு நமது சமூகத்தின் அழுக்கைத் துடைப்பவனாவான்.